கழுவாத படம்

எங்கள் ஊத்துமேட்டில் ஊற்று இருந்ததற்கு ஊர்ப்பெயரைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. ஐப்பசிக்கு ஐப்பசி வானம் ஏமாற்றி, கிணறுகளில் வாளி விழுந்தால் மண்ணில் மோதும் சத்தம் மட்டும் கேட்டு, தெருக்குழாயைத் திருகினால் காற்று சீட்டியடித்துவிட்டுப் போன அந்த வருஷத்தில்தான், சுற்றுவட்டாரத்திலேயே மோசமான போட்டோக்காரன் என்று பெயரெடுத்திருந்த நான் ஒரு படம் எடுத்தேன். அந்தப் படத்திலிருந்து ஊர் தண்ணீர் பிடித்தது.

நான் யாரிடமும் தொழில் படித்தவன் இல்லை. பழசாக விலைக்கு வந்த ஒரு இரட்டைக்கண் கேமராவை வாங்கி, அதனோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் கேமராவில் மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல் கண் வழியாக நாம் பார்க்கிறோம், கீழ்க் கண் படம் பிடிக்கிறது. கிட்டத்தில் நிற்கும் ஆளின் உச்சந்தலை மேல் கண்ணுக்குத் தெரியும், கீழ்க் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கேமராவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்ற விஷயம் நான் பார்க்காத ஏதோ பக்கத்தில் எழுத்தாக இருந்திருக்கிறது. எனவே எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் தலைப்பாகை இல்லாமலும், உயரமான மாப்பிள்ளைகள் தலையே இல்லாமலும் நிற்கிறார்கள். விஷயம் தெரிந்த பிறகு திருத்திக்கொண்டிருக்கலாம். அதற்குள் கை பழகிவிட்டது, ஸ்டூடியோவுக்கும் தலைவெட்டி ஸ்டூடியோ என்று பெயர் நிலைத்துவிட்டது.

என் மனைவி முத்துப்பேச்சிதான் எனக்கு வெளிச்சம் பிடிப்பாள். ஜிகினாத்தாள் ஒட்டிய ஒரு பெரிய அட்டையை இடுப்பில் முட்டுக்கொடுத்துச் சாய்த்து, எதிரில் இருப்பவர் முகத்தில் வெளிச்சம் விழவைப்பாள். படம் கழுவுவதும் அவள்தான். இருட்டறையில் தாளில் உருவம் வந்ததும் அதை ஹைப்போ என்ற மருந்தில் போட வேண்டும். பிறகு அந்த மருந்து போகும்வரை தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் படம் மஞ்சளடித்துக் கெட்டுவிடும். அவள் கட்டைவிரலால் படத்தைத் தடவிப் பார்த்து, "இன்னும் வழுக்குது" என்பாள், மறுபடி அலசுவாள். ஆனால் ஒருநாள்கூடத் தனியாகக் கேமரா முன்னால் உட்கார்ந்ததில்லை. "உங்களுக்குக் கழுத்தை நீட்டியாச்சு, தலையையும் குடுக்கணுமா?" என்பாள்.

ஒரு ஐப்பசியில் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாலை வாங்கி வந்த பிறகுதான், அதைப் போடுவதற்கு வீட்டில் படம் இல்லை என்பது தெரிந்தது. இருந்த ஒரே படம், கல்யாணமான புதிதில் கேமராவின் விசையை முடுக்கிவிட்டு நான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றது. அதில் ஒரு சட்டைக்காலரும் ஒரு தாலிக்கயிறும் தெரிந்தன, மேலே ஒன்றுமில்லை. மாலையைக் குத்துவிளக்குக்குப் போட்டோம்.

அதைப் பார்த்துவிட்டுப் பவுன்தாய் பேச ஆரம்பித்தாள். பவுன்தாய் எதிர்வீட்டுக்காரி. எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீர் கைமாற்றாக வாங்கினால் அதே குடத்தில் தளும்பத் தளும்பத் திருப்பித் தர வேண்டும் என்பது பழக்கம். எந்தக் காலத்திலோ பவுன்தாய் திருப்பித் தந்த குடம் கழுத்துவரைதான் இருந்தது என்று முத்துப்பேச்சி சொல்லிவிட, அன்றிலிருந்து இருவரும் குழாயடியில் பார்த்தால் சண்டை, பார்க்காவிட்டால் ஏக்கம் என்று வாழ்ந்தவர்கள்.

"ஊரு தலையெல்லாம் வெட்டுன ஆளு, கட்டுனவ தலைய ஒட்டவைக்கத் தெரியலயே அண்ணாச்சி. தெவசத்துக்குள்ள பேச்சிக்கு ஒரு படம் வந்தாகணும், ஆமா."

"செத்தவளை எப்படிம்மா எடுக்க?"

"அது உங்க தொழிலு. எனக்கென்ன தெரியும்?"

எனக்கும் தெரியாது. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க, பழைய நெகட்டிவ் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்து, கல்யாணக் கூட்டத்தின் ஓரத்திலாவது அவள் முகம் சிக்கியிருக்கிறதா என்று தேடினேன். அட்டை சிக்கியிருந்தது, வளையல் சிக்கியிருந்தது.

அந்த நிலையில்தான் பேரூராட்சியிலிருந்து ஆள் வந்தது. பூங்கா என்று பலகை மட்டும் நட்டிருந்த மேட்டுக்கு அடியில், வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் எஞ்சின்களுக்காகக் கட்டிய நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்று யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. அதை மண் போட்டு நிரப்பி மேலே பஸ் நிலையம் கட்டப் போகிறார்களாம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை என்று மேலிடத்துக்குக் காட்டப் படம் வேண்டுமாம். பக்கத்து ஊர் நல்ல ஸ்டூடியோக்காரர் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் என்னிடம் வந்தார்கள்.

பேரூராட்சிக் குழாய் ஃபிட்டரான சங்கிலி, இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தான். பழம்பானை வாசம் மேலே வந்தது.

"உள்ள என்ன இருக்கு சங்கிலி?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அந்த ஒண்ணுமில்லாததத்தான் எடுக்கச் சொல்லியிருக்காக."

ஏணியில் இறங்கினோம். கண் பழகப் பழக, செங்கல் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டிலிருந்து எழுந்து வந்தன. தூணுக்குத் தூண் வளைவு, வளைவுக்குள் வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு என்று போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலைவிடப் பெரிய ஒரு கட்டடத்தின் தலைமேல் நாங்கள் இத்தனை காலம் ஆடு மேய்த்திருக்கிறோம். தரையில் வண்டல் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. சங்கிலி ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"கூட வந்து லைட்டப் பிடியேன்."

"ஏணிய எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"செவுத்துல பதிச்ச ஏணிய்யா அது."

"அதான் அண்ணாச்சி, எதையும் நம்ப முடியாது."

எனவே நானே இரண்டு ஆள் வேலை செய்தேன். கேமராவை ஏணிப் பக்கம் முக்காலியில் நிறுத்தி, கண்ணைத் திறந்தபடி விட்டுவிட்டு, ஃபிளாஷைத் தூக்கிக்கொண்டு தூண் தூணாக நடந்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு மின்னல் அடித்தேன். இப்படி இருட்டில் வேலை செய்யும்போது வழக்கமாகச் சொல்வதை வாய் தானாகச் சொல்லிவிட்டது: "பேச்சி, கொஞ்சம் இடது பக்கம்." வளைவெல்லாம் "இடது பக்கம், இடது பக்கம்" என்று கடைசிச் சுவர்வரை சொல்லிக்கொண்டு போயின. சொன்னதற்கு ஒரு மரியாதை வேண்டுமே என்று நானே போய் இடது பக்கம் நின்று, ஒரு மின்னல் அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தாளில் படம் போட்டேன். அலசத்தான் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த அரைக்குடத்தை எடுத்தால் முத்துப்பேச்சி கனவில் வந்து திட்டுவாள். சர்க்காருக்குப் போகிற படம் மஞ்சளடித்தால் என்ன என்று, கழுவாமல் அப்படியே கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, அடியில் சொட்டுக்கு ஒரு வாளியை வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் வாளி நிரம்பி, வழிந்து, அறையைக் கடந்து, வாசல்படி இறங்கித் தெருச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. கழுவ ஆளில்லாத படம் தன்னைத் தானே கழுவிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் பவுன்தாய்.

"ஏ, எல்லாரும் வாங்களேன்! தலைவெட்டி வீட்டுத் தண்ணி சாக்கடையில ஓடுது! நாக்கு வறண்டு கெடக்கோம், இந்த மனுசனுக்குக் கொழுப்பப் பாருங்க!"

குடங்களோடு பெண்கள் வந்தார்கள். படத்தின் கீழ் விளிம்பிலிருந்து நூல் பிடித்ததுபோலத் தண்ணீர் விழுவதை நான் காட்டினேன். ஒருத்தியாவது வாயைப் பிளப்பாள் என்று எதிர்பார்த்தேன். "வரிசையில வாங்கடி" என்றாள் ஒருத்தி. "போட்டோவக் கொஞ்சம் ஒசத்திக் கட்டுங்க அண்ணாச்சி, குடம் நுழையல" என்றாள் இன்னொருத்தி. என் தொழில் வாழ்க்கையில் என் படத்தைப் பற்றி வந்த முதல் நல்ல விமரிசனம் அதுதான்.

படத்தை நான் அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். நான் எடுத்த இடம் வெடித்த வண்டல். படத்தில் வளைவுகளின் பாதிவரை தண்ணீர், அசையாமல், தூண்களைத் தலைகீழாக வாங்கி வைத்துக்கொண்டு நின்றது.

அதன் பிறகு தெருவுக்கு ஒரு படம் என்று கேட்டார்கள், பிறகு வீட்டுக்கு ஒன்று. போஸ்ட்கார்டு அளவு ஒரு சொம்பு தந்தது. காலண்டர் அளவு ஒரு குடும்பத்துக்குப் போதும். பளபளப்புத் தாளில் வேகமாக விழுந்தது, சொரசொரப்புத் தாளில் நின்று நிதானமாக, ஆனால் ருசியாக விழுந்தது. போதும் என்றால் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தால் நின்றுவிடும். டீக்கடைக்காரர் தன் படத்துக்கு விபூதி பூசினார், தண்ணீர் கலங்கியதும் துடைத்துவிட்டார். கருப்பு வெள்ளைத் தண்ணீர் குடித்தால் பிள்ளை கருப்பாகப் பிறக்குமா வெள்ளையாகப் பிறக்குமா என்று ஒரு வாயும் வயிறுமான பெண் என்னிடம் வந்து கேட்டாள். பேரூராட்சிக் குழாயில் வந்த காற்றைக் குடித்தவர்களுக்கெல்லாம் காற்றா பிறந்தது என்று அவள் மாமியாரே பதில் சொன்னாள். சொந்த ஊரில் ஒருவன் கலைஞனாக மதிக்கப்பட இத்தனை வருஷம் ஆகிறது, அதுவும் குடக்கணக்கில்.

பேரூராட்சி அதிகாரி மட்டும் வருத்தப்பட்டார். "சொட்டுத் தண்ணி இல்லன்னு காட்டத்தான ஓய் படம் கேட்டேன்? ஒரு காஞ்ச தொட்டியக் காஞ்ச தொட்டியா எடுக்கத் தெரியாதா உமக்கு?" மறுபடி இறங்கி எடுத்தேன். புதுப் படத்திலும் தண்ணீர் இருந்தது, ஆனால் முன்பு பார்த்ததைவிட ஒரு சாண் இறங்கி. அவசரமாக வீட்டுக்கு வந்து பழைய படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே ஒரு சாண் இறங்கியிருந்தது. எந்த வீட்டில் பிடித்தாலும் எல்லாப் படத்திலும் இறங்கும், நெகட்டிவிலும் இறங்கும். ஒரே தொட்டி, வாய்தான் பல.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க பூதக்கண்ணாடியை எடுத்தேன். அப்போதுதான் கடைசிச் சுவரோரம், தண்ணீரில் விழுந்த பிம்பங்களுக்கு நடுவே, தூண் இல்லாத ஒன்றைப் பார்த்தேன். கரையில் யாருமில்லை. தண்ணீரில் மட்டும், கால் மேலே சுவரோரமாகவும் தலை என்னை நோக்கியும், தலைகீழாக ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு அட்டை. இடது பக்கம் நின்றாள்.

பவுன்தாயைக் கூப்பிட்டுப் படத்தையும் கண்ணாடியையும் கொடுத்தேன். அவள் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அட்டைய இப்படி இடுப்புல முட்டுக்குடுத்து நிக்கிறவ ஊர்ல ஒருத்திதான்" என்றாள். "மூஞ்சியப் பாரு, இப்பவும் என்னைத்தான் முறைக்கா."

தெவசத்துக்குப் படம் கிடைத்துவிட்டது என்று அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டேன். தாளில் வெறும் தண்ணீர்தான் வந்தது. தனியாக உட்கார மாட்டேன் என்ற பிடிவாதம் செத்தும் போகவில்லை. முழுப்படமாகப் போட்டால் நின்றாள். ஆனால் முழுப்படத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் இருந்தால்தான் பிம்பம், பிம்பம்தான் அவள்.

தொட்டியின் தரை ஏணிப் பக்கம் சரிவு என்பதால் தண்ணீர் கடைசிச் சுவரை விட்டு விலகி வந்தது. முதலில் அவள் பாதம் போயிற்று. ஊர் அந்த வாரம் துணி துவைத்தது. பிறகு சேலைக்கரை, பிறகு முழங்கால். ஒரு கல்யாணம் வந்தது, இடுப்பும் அட்டையும் போயின. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை; சொல்ல வாயெடுத்தால் எதிரில் ஒரு குடம் நின்றது. பவுன்தாய்தான் தெருத் தெருவாகப் போய், தண்ணீரோடு பேச்சியும் போகிறாள் என்று சொன்னாள். பெண்கள் குழாயடியில் கூடிப் பேசி, பேச்சியின் கழுத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு செய்து, வீடு வீடாகப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து பழையபடி ரயில்வே கேட்டைத் தாண்டி வெயிலில் நடந்து போய் உப்புத் தண்ணீர் சுமந்து வந்தார்கள். என் வாசலைக் கடக்கும்போது யாரும் உள்ளே பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தெவசத்துக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. ஒரு மனிதன் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அவள் முகம் மட்டும் நிற்கும் அந்த மிச்சத் தண்ணீரையும் ஊருக்கே கொடுத்துவிடுவது. கொடுக்கும்போது நாலு நல்ல வார்த்தை பேசுவது. 'உற்றார் உறவினரே, ஒருத்தியின் முகத்தைவிட ஊரின் தாகம் பெரிது' என்று ஸ்டூடியோக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். கையை எங்கே வைப்பது என்பதுதான் பிடிபடவில்லை. நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒரு மத்தியானம் பவுன்தாய் உப்புத் தண்ணீர்க் குடத்தோடு வந்து என் வாசல்படியில் சாய்ந்தாள். அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது. அந்த உப்பை வாயில் வைக்க முடியாமல் காலையிலிருந்து வறண்ட தொண்டை; விக்கல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வந்தது.

"யாரோ... விக்... என்னை நெனைக்காக அண்ணாச்சி... விக்... எவன்னு தெரியல..."

முதுகைத் தட்டினேன், மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். முகம் நீலம் பாரிக்க ஆரம்பித்தது. சொற்பொழிவு, உற்றார் உறவினர், ஊரின் தாகம் எல்லாம் மறந்து, கைக்கு எட்டிய டம்ளரை எடுத்து, சுவரில் இருந்த படத்தைத் திருப்பி அடியில் பிடித்தேன். தண்ணீர் விழுந்தது. கடைசிச் சொட்டுவரை விழுந்தது. டம்ளர்கூட நிறையவில்லை. அவள் ஒரே மடக்கில் குடித்தாள். விக்கல் நின்றது.

பிறகு டம்ளரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். படத்தில் தூண்களும் வெடித்த வண்டலும் இருந்தன.

"அடப்பாவி மனுசா. எதக் குடுத்தீங்க எனக்கு?"

டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அவள் மாரில் கைவைத்து, உள்ளே ஏதோ இறங்குவதைக் கேட்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சரி, போனவ என் வாய்க்குள்ளதான போனா" என்றாள் கடைசியாக. "இனிமே நான் திட்டுனா ரெண்டு பேரு திட்டுறதா நெனச்சுக்கோங்க."

படம் காய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அதிகாரி சந்தோஷமாக வந்து ஒரு பிரதி வாங்கிப் போனார். "இது படம்! கடைசியில கத்துக்கிட்டீர் ஓய்" என்றார். மண் லாரிகள் மேட்டடியில் வந்து நின்றன.

தெவசத்தன்று காலையில் மாலை மட்டும் வாங்கி வந்தேன். போன தடவைபோலக் குத்துவிளக்குக்குப் போடலாம் என்று விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கூரைமேல் யாரோ கல் எறிவதுபோல ஒரு சத்தம், பிறகு நிறையக் கல். மழை. ஓட்டை, பள்ளம், சாக்கடை எல்லாம் நிரம்ப, மண் லாரிகள் அச்சுவரை புதைய, மத்தியானம்வரை ஒரே சீராகப் பெய்தது. விட்டதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பவுன்தாய் ஒரு குடத்தைச் சுமந்து, ஒவ்வொரு அடியாக வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தாள். தளும்பத் தளும்ப இருந்தது.

"நல்லாப் பாத்துக்கோங்க அண்ணாச்சி. கழுத்துவரைன்னு பேச்சு வரக் கூடாது."

சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய படத்தின்மேல் குடத்தைக் கவிழ்த்தாள். தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அவளுக்குப் பின்னால் தெரு முழுக்கப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கைமாற்று வாங்கியது வாங்கியதுதானே. ஒருத்தி ஒருத்தியாக வந்து ஊற்ற, படம் குடித்துக்கொண்டே இருந்தது. வண்டல் நனைந்தது, தூண்களின் கால் நனைந்தது, தண்ணீர் சுவர்வரை ஏறிப் போயிற்று. சங்கிலி மூச்சிரைக்க ஓடி வந்து, மேட்டுக்கு அடியில் தொட்டியிலும் வளைவுவரை தண்ணீர் நிற்கிறது, லாரிக்காரர்கள் திரும்பிப் போகிறார்கள் என்றான். "அதான் தெரியுதே" என்று எல்லோரும் படத்தைக் காட்டினார்கள்.

பிம்பம் முகத்திலிருந்து ஆரம்பித்து வந்தது. முகம், கழுத்து, அட்டை, இடுப்பு, சேலைக்கரை, பாதம். முத்துப்பேச்சி முழுசாக நின்றாள். ஆனால் இந்த முறை அட்டையை வேறு பக்கம் சாய்த்திருந்தாள். வெளிச்சம் அவளுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. அங்கே ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு ஆண்பிள்ளை நின்றான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கழுத்துக்கு மேல் தலை இல்லை.

"இது யாரு?" என்றாள் ஒருத்தி.

"சட்டையப் பாத்தாத் தெரியலயா?" என்றாள் பவுன்தாய். "காலமெல்லாம் வெட்டுனாருல்ல. அவ மொத்தத்துக்கும் சேத்து வெட்டிட்டா."

தெருவே சிரித்தது. நான் மாலையை எடுத்துக்கொண்டு படத்தின் அருகே போனேன். பவுன்தாய் என் கையைத் தட்டிவிட்டாள்.

"உயிரோட இருக்குற ஆளும் அதுல நிக்காரு, மாலை போட்டா என்னத்துக்கு ஆகும்? கொண்டாங்க இங்க."

மாலையைப் பிடுங்கிக்கொண்டு போய், மேட்டு மூடியைத் திறக்கச் சொல்லி, தொட்டிக்குள் போட்டாள். மறுநாள் பார்த்தபோது படத்துத் தண்ணீரில் சம்பங்கிப் பூக்கள் மிதந்துகொண்டிருந்தன. சில அவள் பாதத்தருகே, ஒன்று என் சட்டைப்பை அருகே.

பஸ் நிலையத்தை ஊருக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். படம் அதற்கப்புறம் ஒழுகவில்லை. இத்தனை வருஷத்தில் மஞ்சளும் அடிக்கவில்லை. கட்டைவிரலால் தடவினால் கொஞ்சமும் வழுக்குவதில்லை, யாரோ நன்றாக அலசியிருக்கிறார்கள். மாலை இல்லாமலேதான் தொங்குகிறது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, இவர்கள் இரண்டு பேரும் யார், இருக்கிறார்களா என்று கேட்பதுண்டு.

தலை இருக்கிறவள் இறந்துவிட்டாள், தலை இல்லாதவர்தான் உயிரோடு இருக்கிறார் என்று சொல்வேன்.